அன்றைய சாம்பியனா, இன்றைய சாம்பியனா?

காலடிப்பேட்டையில் ஒரு சந்து. மாலை ஆறரை மணி. தெரு விளக்கு இன்னும் எரியவில்லை. ஆனால் ஒரு வீட்டுத் திண்ணைக்கு வெளியே, தகர மூடி போட்ட பல்பு ஒன்று தாழத் தொங்கிக் கொண்டு எரிகிறது. அதன் கீழே கேரம் பலகை. பலகையைச் சுற்றி நாலு பேர். அந்த நாலு பேரைச் சுற்றிப் பத்துப் பேர். ஆடுகிறவனை விட நின்று பார்க்கிறவனுக்குத்தான் ஆட்டம் நன்றாகத் தெரியும் என்பது வடசென்னையில் எழுதப்படாத சட்டம்!

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வாயைத் திறந்தார்.

"இன்னாடா ஆடுறீங்க? மரிய இருதயம் ஆடி நீங்க பாத்திருக்கீங்களா? அது ஆட்டம்!"

சிவப்பு பனியனில் 23 என்று எண் போட்டிருந்த கல்லூரி மாணவர் ஒருவர் விடவில்லை.

"தாத்தா, காசிமா ஆடி நீங்க பாத்திருக்கீங்களா? பதினேழு வயசு. அமெரிக்கா போய் மூணு தங்கம்!"

திண்ணையில் பூக்கட்டிக் கொண்டிருந்த அம்மாள் தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார்: "ரெண்டு பேரும் இளவழகிய மறந்துட்டீங்க. பொம்பளைங்க ஜெயிச்சதுக்கு அந்தப் பொண்ணுதானே வழி காட்டுச்சு?"

அரை மணி நேரம் சர்ச்சை நடந்தது. முடிவு ஏற்படவில்லை. ஆனால் அன்று காதில் விழுந்த கேள்வி இலேசான கேள்வி அல்ல. ஒரு காலத்து வீரரை இன்னொரு காலத்து வீரரோடு எப்படி எடை போடுவது? தராசு எது? படிக்கல் எது?

மூன்று பெயர்கள்

முதலில் அந்த மூன்று பேர் யார் என்று தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை.

சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் கேரம் உலகின் முதல் உலக சாம்பியன். சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் நமது சென்னையிலேதான் பிறந்தது. அதன் முதல் உலகப் போட்டி 1991-ல் டில்லியில் நடந்தது. அதில் ஆண்கள் ஒற்றையரில் பட்டம் பெற்றவர் மரிய இருதயம். அடுத்த உலகப் போட்டி 1995-ல் கொழும்பில் நடந்தது. அதிலும் அவரே! தேசிய சாம்பியன் பட்டத்தை ஒன்பது முறை பெற்றவர். 1996-ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. கேரம் ஆடி அந்த விருதைப் பெற்ற முதல் மனிதர் அவர்.

இளவழகி வியாசர்பாடியைச் சேர்ந்தவர். தகப்பனார் மீன்பாடி வண்டி ஓட்டியவர். அந்த வீட்டுப் பெண் 2008-ல் பிரான்ஸ் தேசத்துக் கான்ஸ் நகரில் நடந்த உலகப் போட்டியில் பெண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்றார். சினிமாக்காரர்கள் விழா எடுக்கும் அதே கான்ஸ் நகரந்தான்.

காசிமா புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்தவர். காலடிப்பேட்டை மெட்ரோ நிலையத்தில் ரயில் ஏறினால், சுங்கச்சாவடிக்கு அடுத்த நிலையத்தில் இறங்கி விடலாம், அவ்வளவு பக்கம். தகப்பனார் ஆட்டோ ஓட்டுநர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் ஒற்றையர், இரட்டையர், அணி ஆட்டம் என்று மூன்றிலும் தங்கம். தமிழக அரசாங்கம் அவருக்கு ஒரு கோடி ரூபாய் ஊக்கத் தொகை வழங்கியது. அந்த ஆரவாரம் அடங்குவதற்குள் காசிமேட்டைச் சேர்ந்த கீர்த்தனா 2025 டிசம்பரில் மாலத்தீவில் நடந்த உலகக் கோப்பையில் பெண்கள் ஒற்றையர் தங்கத்தைத் தட்டிக் கொண்டு வந்து விட்டார்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் இந்தக் கடலோரப் பகுதியும், அதை ஒட்டிய வியாசர்பாடி, புளியந்தோப்பு வட்டாரமும் கேரம் ஆட்டத்துக்குப் பேர் போனவை. 2018-ல் வெளிவந்த 'வட சென்னை' படத்தின் கதாநாயகனே ஒரு கேரம் ஆட்டக்காரன்தான். காரணம் ரகசியமல்ல. கிரிக்கெட்டுக்கு மைதானம் வேண்டும். டென்னிசுக்குப் பணம் வேண்டும். கேரத்துக்கு ஒரு பலகையும், அதை வைக்க ஒரு பீப்பாயும், கொஞ்சம் பவுடரும் போதும். பலகை ஒருவருடையது, ஆடுகிறவர்கள் தெருவே!

அமெரிக்கச் சண்டை

அந்த மாணவரின் பனியனில் இருந்த 23-ம் எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது சிகாகோ கூடைப்பந்து அணியில் மைக்கேல் ஜோர்டன் அணிந்த எண். மாணவர் கல்லூரியில் கூடைப்பந்து ஆடுகிறவர். "தாத்தா, இதே சண்டை அங்கேயும் நடக்குது" என்று அவர் சொன்னது உண்மைதான். எந்தக் காலத்து அணி சிறந்தது என்ற சர்ச்சை அமெரிக்காவில் ஓயாமல் நடக்கும் சர்ச்சை. கூடைப்பந்து நமக்கும் தூரத்து உறவல்ல. 1891-ல் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊரிலிருந்த கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியில் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் அந்த ஆட்டத்தைக் கண்டு பிடித்தார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி பக் என்பவர் சென்னைக்கு வந்து, 1920-ல் இங்கே உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார்.

பாஸ்டன் அணி 1959 முதல் 1966 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் சாம்பியன். இதை மிஞ்சிய அணி கிடையாது. ஆனால் அப்போது அந்தச் சங்கத்தில் இருந்தவையே எட்டு, ஒன்பது அணிகள்தாம். இன்று முப்பது! 1995-96-ல் ஜோர்டனின் சிகாகோ அணி 82 ஆட்டங்களில் 72-ல் வென்று, பட்டத்தையும் பெற்றது. இருபது வருஷம் கழித்து, 2015-16-ல் கோல்டன் ஸ்டேட் அணி 73 ஆட்டங்களில் வென்றது. ஒன்று கூடுதல்தான், ஆனால் கடைசிப் போட்டியில் கிளீவ்லாண்ட் அணியிடம் தோற்றுப் பட்டத்தைக் கோட்டை விட்டது.

யார் பெரியவர்? இங்கேதான் சிக்கல். பாஸ்டன் வெற்றிக் கொடி நாட்டிய நாளில், தூரத்திலிருந்து பந்தைப் போட்டால் மூன்று புள்ளி என்ற விதியே அந்தச் சங்கத்தில் இல்லை. அது 1979-ல் வந்த விதி. கோல்டன் ஸ்டேட் அணியின் பலமே அந்தத் தூரத்து வீச்சு! இன்னும் ஒரு வேடிக்கை கேளுங்கள். 1994 முதல் மூன்று பருவங்கள் அந்த மூன்று புள்ளிக் கோட்டைக் கூடைக்குக் கிட்டே கொண்டு வந்து, பிறகு பழைய இடத்துக்கே தள்ளி விட்டார்கள். சிகாகோவின் 72 வெற்றிகள் அந்தக் கிட்டத்துக் கோட்டுக் காலத்தவை. ஆக, மூன்று அணிகளும் ஆடியது ஒரே பெயருள்ள மூன்று ஆட்டங்கள் என்று சொன்னாலும் தகும்.

கேரத்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. மரிய இருதயம் குனிந்து பார்த்த பலகையும் 74 சென்டிமீட்டர் சதுரம். காசிமா பார்த்ததும் அதுவே. ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு சிவப்பு. ஸ்ட்ரைக்கர் பதினைந்து கிராமுக்கு மேல் போகக் கூடாது. குழியின் அகலம் நாலரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காயின் அகலம் மூன்றுக்குச் சற்று அதிகம். அந்த ஒன்றே கால் சென்டிமீட்டர் இடைவெளியில்தான் எல்லாருடைய சாமர்த்தியமும் அடக்கம். உயரமானவனுக்குச் சலுகை இல்லை. குள்ளமானவனுக்குக் கஷ்டம் இல்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பதால் ஓட்டக்காரனுக்கும் லாபம் இல்லை. காலங்களை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஆட்டம் கிடைப்பது அரிது.

ஆனாலும் ஒப்பிட முடிகிறதா?

பட்டங்களை எண்ணினால் போதுமா?

பெரியவரின் கட்சி எண்ணிக்கைக் கட்சி. "ரெண்டு உலகப் பட்டம், ஒம்பது தேசியப் பட்டம். வேற பேச்சு எதுக்கு?" என்பார். எண்ணிக்கை முக்கியந்தான். ஆனால் எண்ணுவதற்கு முன் வாய்ப்புகளையும் எண்ண வேண்டாமா?

உலக சாம்பியன் போட்டி 1991, 1995, 2000, 2004, 2008 என்று நாலைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை வந்தது. ஒரு மனிதர் உச்சத்தில் இருக்கும் காலத்தில் இரண்டு தடவை அந்த மேடை கிடைத்தால் அதிகம். கிடைத்த இரண்டு தடவையும் மரிய இருதயம் வென்றார். 1988-க்கு முன்னே உலகப் போட்டி என்ற பேச்சே கிடையாது. இது அவருக்குச் சாதகமான வாதம். நான் இதற்கு நிறைய எடை கொடுக்கிறேன்.

இன்றைய வீராங்கனைகளுக்கோ உலகக் கோப்பை 2024-ல் ஒன்று, 2025-ல் ஒன்று. வாய்ப்பு அதிகம். அதே சமயம், வாய்ப்பு அதிகமானால் பட்டத்தைக் காப்பாற்றும் கஷ்டமும் அதிகம். நேற்று அமெரிக்காவில் ஒருவர். இன்று மாலத்தீவில் இன்னொருவர். இருவரும் ஒருவருக்கொருவர் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் வசிப்பவர்கள்! உலகத்தை வெல்லுவதை விட, பக்கத்துப் பேட்டையை வெல்லுவதுதான் பெரிய பாடாக இருக்கிறது.

போட்டியும் பெருகியிருக்கிறது. 2012-ல் கொழும்பில் ஆண்கள் ஒற்றையர் உலகப் பட்டத்தை இலங்கையின் நிஷாந்த பெர்னாண்டோ எடுத்துக் கொண்டார். இந்தியாவில் பிறந்தால் போதும், பாதிப் பட்டம் வந்த மாதிரி என்ற நிலை அன்றோடு போயிற்று.

பாலம் போட்ட ரஷ்மி குமாரி

இரண்டு காலங்களை இணைக்கும் பாலம் ஒன்று கிடைத்தால் வழக்கு சுலபமாகும். இரண்டு காலத்திலும் ஆடிய ஒருவரை வைத்து இருவரையும் அளக்கலாம் அல்லவா? அப்படி ஒருவர் இருக்கிறார்.

பீகாரைச் சேர்ந்த ரஷ்மி குமாரி பல முறை தேசிய சாம்பியன். இளவழகி கொடி கட்டிப் பறந்த நாட்களில் அவருக்குச் சரியான எதிரி இவரே. 2012-ல் உலகப் பட்டமும் பெற்றார். அதே ரஷ்மி குமாரிதான் 2024-ல் அமெரிக்காவில் காசிமாவுக்கு எதிரே இறுதி ஆட்டத்தில் உட்கார்ந்தவர். பதினேழு வயதுப் பெண் வென்றாள்.

"பாத்தீங்களா? இளவழகிய தெணற வச்சவங்களையே காசிமா ஜெயிச்சிட்டாங்க. அப்போ காசிமாதான் பெரியவங்க!" என்று மாணவர் குதித்தார். கணக்குப் பாடத்தில் இது சரி. வாழ்க்கையில் சரியா? 2008-ல் இருந்த ரஷ்மி குமாரியும் 2024-ல் இருந்த ரஷ்மி குமாரியும் ஒருவர்தானா? இடையே பதினாறு ஆண்டுகள். கேரம் மற்ற ஆட்டங்களைப் போல முழங்காலைத் தேய்ப்பதில்லை. ஆனால் கண்ணும் விரல் நுனியும் வயதுக்குக் கட்டுப்பட்டவைதானே?

நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். இரண்டு தலைமுறைப் பெண்களுக்கு எதிரே உட்கார்ந்து, பதினாறு ஆண்டுகள் கழித்தும் இறுதி ஆட்டம் வரை வந்த ரஷ்மி குமாரியைப் பற்றி அந்தச் சந்தில் ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் வியாசர்பாடியில் பிறக்கவில்லை. அதுதான் குற்றம் போலும்!

எதிரியே இல்லாத அளவுகோல்

இன்னொரு அளவுகோலும் உண்டு. எதிராளி யாராக இருந்தாலும் மாறாதது. முதல் ஆட்டம் பிடித்தவர், எதிராளிக்குக் கையே கொடுக்காமல், ஒன்பது வெள்ளையையும் சிவப்பையும் ஒரே மூச்சில் குழியில் தள்ளி விட்டால் அதற்கு 'ஒயிட் ஸ்லாம்' என்று பெயர். கலைந்த காய்களை அடுத்தவர் எடுத்துக் கொண்டு அப்படியே முடித்தால் 'பிளாக் ஸ்லாம்'. இதில் எதிராளி வெறும் பார்வையாளர். ஆடுகிறவருக்கும் பலகைக்கும் மட்டுமே சண்டை.

ஓர் ஆட்டம் 25 புள்ளி, அல்லது எட்டுப் பலகை. ஒரு போட்டி முழுவதும் ஒருவர் எத்தனை பலகை ஆடினார், அதில் எத்தனை ஸ்லாம் அடித்தார் என்று எண்ணினால், முப்பது வருஷத்துக்கு முன் ஆடியவரையும் நேற்று ஆடியவரையும் ஒரே தட்டில் வைக்கலாம். கிரிக்கெட்டுக்கு ஒவ்வொரு ஓட்டமும் புத்தகத்தில் ஏறுகிறது. கேரத்துக்கு யார் ஜெயித்தார் என்பது மட்டும் பத்திரிகையின் ஒரு மூலையில் வருகிறது. இன்றைய ஆட்டங்களையாவது டெலிபோனில் படமெடுத்து வைக்கிறார்கள். பழையவர்களின் ஆட்டம் பார்த்தவர்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. ஞாபகமோ ஆண்டுக்கு ஆண்டு காயை இன்னும் கொஞ்சம் அழகாகக் குழியில் தள்ளும்!

பலகையும் முழுக்க முழுக்க ஒன்றே என்று சொல்லி விட முடியாது. அளவு ஒன்று, வழவழப்பு வேறு. உப்புக் காற்று வீசும் இந்தப் பக்கத்தில் ஈரம் ஏறினால் பலகை மந்தமாகி விடும். அதற்குத்தான் தலைக்கு மேலே தாழத் தொங்கும் அந்த பல்பு. வெளிச்சமும் கொடுக்கும், பலகையையும் உலர்த்தும். மந்தமான தெருப் பலகையில் கை பழகியவர், போட்டி மண்டபத்தின் வழுக்கும் பலகையில் முதல் நாள் திண்டாடுவார். நல்ல பலகையில் சிறு வயதிலிருந்தே பழகும் வசதி இன்றைய பிள்ளைகளுக்கு அதிகம். செரியன் நகரைப் போன்ற இடங்களில் பயிற்சி மையமே இருக்கிறது. முன்பு பார்த்துப் பார்த்துக் கற்றதை இப்போது சொல்லிக் கொடுத்துக் கற்கிறார்கள்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. இன்று பத்துப் பேரை வரிசையாக நிறுத்தி, அன்றைய பத்துப் பேரோடு ஆட விட்டால், இன்றையவர்களே அதிகம் ஜெயிப்பார்கள். ஆனால் அந்தப் பத்தில் முதல்வரை மட்டும் அன்றைய முதல்வரோடு ஆட விட்டால், பெரியவர் பக்கம்தான் என் காசு. தேசத்திலும் வென்று, உலக மேடை என்று ஒன்று ஏற்பட்டதும் அதிலும் இரண்டு தடவையும் வென்ற மரிய இருதயத்தை நான் உச்சியில் வைப்பேன். ஆண்கள் ஆட்டம் வேறு, பெண்கள் ஆட்டம் வேறு என்று பூக்கட்டும் அம்மாள் ஆட்சேபித்தார். நியாயமான ஆட்சேபணை. பெண்களில் யார் என்று கேட்டால் என்னால் இப்போதைக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. காசிமாவுக்கும் கீர்த்தனாவுக்கும் இன்னும் எவ்வளவோ ஆட்டம் பாக்கி இருக்கிறது. பாதி ஆட்டத்தில் புள்ளி எண்ணக் கூடாது.

ஒரு கோடி ரூபாய்

ஒன்றே ஒன்றில் மட்டும் காலங்களுக்கு நடுவே வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. அது பணம்.

கேரம் ஒலிம்பிக்கில் இல்லை. ஆசிய விளையாட்டிலும் இல்லை. பழைய ஆட்டக்காரருக்கு அதிகபட்ச ஆசை ஒரு நல்ல உத்தியோகம். ஆயுள் காப்பீட்டுக் கழகம், ரிசர்வ் வங்கி, பெட்ரோலியக் கம்பெனிகள் ஆகியவற்றுக்குக் கேரம் அணிகள் உண்டு. மத்திய அரசாங்க வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் கேரமும் உண்டு. அந்த வேலை கிடைத்தால் குடும்பம் கரையேறும். கிடைக்காதவர்கள் கதை வேறு.

அந்த நிலையில் 2024-ல் ஒரு கோடி ரூபாய் என்பது கேரத்துக்கு ஒரு புது யுகம். அதே டிசம்பரில் சதுரங்க உலக சாம்பியன் குகேஷுக்குத் தமிழக அரசாங்கம் அறிவித்தது ஐந்து கோடி. சதுரங்கத்துக்கும் கேரத்துக்கும் ஒன்றுக்கு ஐந்து என்ற விகிதம் சரியா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்கவில்லை. சதுரங்கம் ஆடும் தேசங்கள் எத்தனை, கேரம் ஆடும் தேசங்கள் எத்தனை என்று பார்த்தால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆட்டோ ஓட்டுநர் மகளுக்கு ஒரு கோடி கொடுத்ததைக் குறை சொல்வதும் வயிற்றெரிச்சல்.

ஆனால் பரிசுத் திட்டங்கள் பதக்கத்தின் மீதுள்ள தேதியைப் பார்ப்பவை. 1991-ல் வென்றவரும், 2008-ல் வென்றவரும், 2024-ல் வென்றவரும் தள்ளியது அதே காய்களைத்தான், அதே அளவுள்ள குழிகளில்தான். ஆட்டத்தின் அளவு மாறவில்லை. அதற்கு நாம் போடும் விலைதான் மாறியது. நலிந்த நிலையிலுள்ள முன்னாள் வீரர்களுக்கு மாதம் ஆறாயிரம் ரூபாய் ஓய்வூதியத் திட்டம் ஒன்று மாநிலத்தில் இருக்கிறது. அதற்கு 58 வயது நிறைய வேண்டும். இருபது, இருபத்தைந்து வயதில் உலகத்தை வென்றவர்கள் அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். நலிந்தும் இருக்க வேண்டும்! உலகப் பட்டம் பெற்ற பழைய கேரம் வீரர்களின் பட்டியல் நீளமானதல்ல. இன்றைய அளவுகோலை அவர்களுக்கும் ஒரே ஒரு முறை பின்னோக்கிப் பிடித்துப் பார்த்தால் கஜானா காலியாகி விடாது.

இதை நான் அந்தச் சந்தில் சொன்னபோது பெரியவருக்கும் மாணவருக்கும் முதல் தடவையாக அபிப்பிராய பேதம் இல்லாமல் போயிற்று. மாணவர் பலகையில் பவுடரைத் தூவினார். பெரியவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக் கொண்டு, "வா, நீயும் நானும் ஒரு பலகை போடலாம்" என்று உட்கார்ந்தார். பூக்கட்டும் அம்மாள் மட்டும் என்னை விடவில்லை.

"அதெல்லாம் சரி தம்பி. இத யாரு போய் கோட்டையில சொல்றது?"